பதின்மூன்றில் ஒன்று

மைசூருவை ஓய்வூதியர்களின் ஊர் என்று சொல்வது நெடுநாள் வழக்கம். மிதமான வெயிலும், அகன்ற தெருக்களும், குக்கரஹள்ளி ஏரிக்கரையின் நடைபாதையும் பணி முடித்தவர்களை இங்கேயே தங்கிவிடச் செய்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்தவர்களிலும் பலர் அப்படித் தங்கியவர்களே. ரயில்வே பணிமனைக்கு வந்தவர்கள், மைய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தவர்கள், கடை வைக்க வந்தவர்கள் எனப் பல வகையினர். வரும்போது அவர்கள் இருபது, இருபத்தைந்து அகவையினர். இன்று எழுபதையும் எண்பதையும் தொட்டு நிற்கின்றனர். சங்க மலர்களில் நாம் இலக்கிய இன்பம் பற்றி எழுதுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது பற்றிக் கவலையோடு எழுதுகிறோம். நமக்கு முன்னே வந்து, நமக்கு இங்கே இடம் தேடிக் கொடுத்த மூத்தோரைப் பற்றி எழுதுவது குறைவு. அவர்களுள் சிலரைப் பீடித்திருக்கும் ஒரு நோயைப் பற்றிப் பேசுவதோ அதனினும் குறைவு. வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு இருக்கட்டும் என்று கதவைச் சாத்திவிடுகிறோம். அக்கதவைச் சற்றே திறந்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நோய் மறதிநோய். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பர். முதுமையில் மறதி இயல்புதானே என்று கேட்கலாம். இயல்பான மறதி வேறு, இந்நோய் வேறு. குழம்புக்கு உப்பிட மறப்பது மறதி. உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எதற்கு என்று திகைத்து நிற்பது நோய். முதலில் அண்மைய நிகழ்ச்சிகள் நழுவுகின்றன. பின்னர்ச் சொல், கணக்கு, திசை, காலம், முகம் என ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. மூளையின் உயிரணுக்கள் சிதைவதாலும், சிலருக்கு மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்படுவதாலும் இது நேர்கிறது. பிள்ளைகள் கவனியாமையால் வந்தது என்று அயலார் சொல்வதற்கும், முற்பிறப்பின் பயன் என்று உற்றார் சொல்வதற்கும் எவ்வித அடிப்படையும் இல்லை.

இந்நோயின் பெருவாரியான வகைக்கு அல்சைமர் நோய் என்று பெயர். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில், தம் நோயாளி ஒருவரின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை எடுத்துரைத்தார். அதே 1906இல்தான் நம் மைசூருவில், மக்கள் மிஷன் ஆஸ்பத்திரி என்றழைக்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. தொடர்பற்ற இவ்விரு நிகழ்ச்சிகளும் பின்னாளில் ஒரு வகையில் சந்தித்தன. அம்மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையும் நீளமும் பதிவேடுகளில் ஒழுங்காக எழுதி வைக்கப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அப்பதிவேடுகளைத் துணைக்கொண்டு, அங்குப் பிறந்து இந்நகரிலேயே வாழ்ந்துவந்தவர்களைத் தேடிக் கண்டனர். முதலில் அவர்களுடைய இதய நலத்தையும் நீரிழிவையும் ஆராய்ந்தனர். அவர்கள் முதுமை எய்தியபோது நினைவாற்றலையும் ஆராய்ந்தனர். கருவில் பெற்ற வளர்ச்சிக்கும் முதுமையின் நலத்துக்கும் உள்ள உறவை அறிய உலகம் மைசூருவின் பழைய பதிவேடுகளை நாடி வந்தது என்பது, பதிவேடுகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்ற எழுத்தர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நம் நாட்டில் 60 அகவை கடந்தவர்களுள் 100க்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவு. அப்படியாயின், நூறு மூத்தோர் உறுப்பினராக உள்ள எந்தச் சங்கத்திலும் ஏழெட்டு வீடுகளில் இந்நோய் இருக்கக்கூடும். அவ்வீடுகள் எவையென்று நமக்குத் தெரிகிறதா?

அவற்றுள் ஒன்று எம் இல்லம். இந்நோய் நுழைந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. எம் அன்னையார் தாமிரபரணிக் கரையில், திருவைகுண்டத்தை அடுத்த சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் ரயில்வே பணியேற்றபோது அவருடன் இங்கு வந்தார். கன்னடத்தை அவர் பள்ளியில் கற்கவில்லை; தெருக்குழாயடியிலும் தேவராஜ மார்க்கெட்டிலும் கற்றார். பூக்காரரிடம் முழத்துக்கு நாலணா குறைத்து வாங்கும் அளவுக்கு அம்மொழி அவர் நாவில் புழங்கிற்று. அதே மார்க்கெட்டில் ஒருநாள், கொடுத்த நோட்டுக்கு வந்த சில்லறையை எண்ண இயலாமல் நெடுநேரம் நின்றார். அடுத்த திங்களில், நாற்பது ஆண்டுகள் நடந்த தெருவில் வீடு தெரியாமல் நின்றார்.

மருத்துவர் முதலில் குருதியைச் சோதிக்கச் சொன்னார். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிநோய்போலவே தோன்றக்கூடும் என்றும், அவை மருந்தால் சீராகக்கூடியவை என்றும், ஆதலால் அவற்றை முதலில் விலக்க வேண்டும் என்றும் விளக்கினார். செவிப்புலனையும் சோதிக்குமாறு கூறினார். மானசகங்கோத்திரியில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் நம் நகரில் இருப்பது பெரும்பேறு. காதுக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று வியப்போருக்கு ஒரு செய்தி: 2024இல் லான்செட் இதழின் அறிஞர் குழு, மறதிநோயைத் தூண்டும், மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. கேட்புக் குறைவு, பார்வைக் குறைவு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றையெல்லாம் கவனித்தால் உலகின் மறதிநோயில் 100க்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. நாற்பதைக் கடந்த நமக்கு இது உரிய நேரத்தில் வந்த அறிவுரை. எம் அன்னையாருக்கோ சோதனைகள் எல்லாம் முடிந்தபின் மறதிநோய் என்பது உறுதியாயிற்று.

அதன்பின் நாங்கள் கண்டது, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கே உரிய ஒரு துயரம். அன்னையாரிடமிருந்து முதலில் விடைபெற்றது கன்னடம். அடுத்த வீட்டு அம்மையார் முப்பது ஆண்டுப் பழக்கத்தில், 'ஊட்டா ஆய்தா?' என்று கேட்பார். அன்னையார் எங்கள் முகத்தைப் பார்ப்பார். 'இந்தம்மா என்ன சொல்லுதாக?' என்பார். பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே தளர்வதும், மழலையில் கற்ற மொழி கடைசிவரை நிற்பதும் இந்நோயில் பலரிடம் காணப்படுவது என்று மருத்துவர் சொன்னார். இரு மொழி அறிந்தமையால் பயனே இல்லையோ என்று எண்ண வேண்டா. ஹைதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் 648 நோயாளர்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட ஒன்றுக்கு மேற்பட்ட மொழி அறிந்தவர்களுக்கு இந்நோய் நான்கரை ஆண்டுகள் பிந்தியே தொடங்கிற்று. எழுதப் படிக்க அறியாதவர்களிடமும் அவ்வேறுபாடு இருந்தது. குழாயடியில் கற்ற கன்னடம் எம் அன்னையாருக்குச் சில ஆண்டுகளை ஈட்டிக் கொடுத்திருக்கவும் கூடும் என்று எண்ணி, இந்நாட்டு மொழிக்கு நாங்கள் நன்றி பாராட்டுகிறோம். ஆயினும் இன்று அவர் வாழும் வீடு தமிழ் ஒன்றே. அவ்வீட்டுக்குள் வந்து பேசக்கூடியவர்கள் தெருவில் எத்தனை பேர்?

விளக்கு வைக்கும் நேரம் கடினமானது. அந்நேரத்தில் அமைதியின்மை மிகுவது இந்நோயின் இயல்பு. அன்னையார் துணிப்பையில் ஒரு சேலையை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். 'வீட்டுக்குப் போணும். அம்மா தேடுவா' என்பார். எங்களைப் பார்த்து, 'தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?' என்று மரியாதையுடன் கேட்பார். எம் துணைவியாரைத் தம் அண்ணன் மனைவியாகக் கொண்டு 'மதினி' என்று அழைப்பார். துணைவியாரும், 'இந்தா வந்துட்டேன்' என்று மதினியாகவே விடை சொல்வார். இதுதான் உங்கள் வீடு, உங்கள் தாயார் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆயின என்று மறுத்துரைப்பதால் பயனில்லை. அந்தச் சாவு அவருக்கு அன்றுதான் நேர்ந்ததுபோல் ஆகிவிடும். கையைப் பற்றிக்கொண்டு தெருமுனை வரை நடந்து, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகும், வீட்டில் எத்தனை மாடு என்று பேசிக்கொண்டே திரும்பினால், வீடு வந்துவிட்டது என்று அவரே உள்ளே நுழைவார்.

இவ்வாறிருக்க, உடன்பிறந்தோர் கூடிப் பேச வேண்டிய நாள் வந்தது. பெற்றோரை மக்கள் முறை வைத்துப் பேணுவது நம் குடும்பங்களில் பழகிய வழி. நான்கு திங்கள் மூத்தவர் வீடு, நான்கு திங்கள் இளையவர் வீடு, நான்கு திங்கள் மகள் வீடு என்று பகுத்துவிட்டால் யாருக்கும் சுமையில்லை என்று மதுரையில் வாழும் அண்ணன் சொன்னார். கேட்பதற்கு நேர்மையான பகுப்புத்தான். ஆனால் இந்நோயாளருக்கு இடம் பெயர்வதே பெருந்துன்பம். கழிப்பறை எந்தப் பக்கம், சாளரம் எந்தப் பக்கம் என்பதை அறிவு மறந்தாலும் கால்கள் அறிந்திருக்கின்றன. வீட்டை மாற்றினால் அந்த அறிவும் போய்விடும். நெடுநேர வாதத்துக்குப்பின் திருச்சியில் வாழும் தங்கைதான் அதற்கு ஒரு வழி கண்டார். 'அம்மா இங்கேயே இருக்கட்டும். முறை நமக்கு இருக்கட்டும்' என்றார். அன்றுமுதல் அன்னையார் இடம் மாறுவதில்லை, மக்கள் மாறுகிறோம். அண்ணன் ஆண்டுக்கு இருமுறை தூத்துக்குடி ரயிலில் மதுரையிலிருந்து வந்து பத்துப் பத்து நாள் தங்குகிறார். தங்கை கோடை விடுமுறையில் வருகிறார். அந்நாட்களில் எம் துணைவியார் தம் தாய்வீடு செல்கிறார். வர இயலாத திங்கள்களில் அவர்கள் செலவில் பங்கேற்கின்றனர்.

ஓய்வூதியம் பெறுவோர் ஒவ்வோராண்டும் நவம்பரில் தாம் உயிருடன் இருப்பதாகச் சான்று அளிக்க வேண்டும். இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அளித்துவிடலாம். அன்னையாரின் குடும்ப ஓய்வூதியத்துக்காக நாங்களும் அவ்வாறே செய்கிறோம். உயிர் இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தை அறிவோம். வாழ்வு எப்படி இருக்கிறது என்று கேட்கும் படிவம் ஒன்றும் உண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். 1999இல் அமெரிக்க ஆய்வாளர் ரெபெக்கா லாக்ஸ்டனும் அவருடன் பணியாற்றியோரும் மறதிநோயாளருக்கென அமைத்த வினாத்தாள் அது. அதில் பதின்மூன்று இனங்கள். உடல்நலம், தெம்பு, மனநிலை, வாழும் இடம், நினைவு, குடும்பம், இல்லறம், நண்பர்கள், தம்மைப் பற்றிய மதிப்பு, வீட்டுவேலை செய்யும் திறன், மகிழ்ச்சிக்காக ஏதேனும் செய்யும் திறன், பணநிலை, முழு வாழ்வு. ஒவ்வொன்றும் நன்றா, தீதா என்று நோயாளரையே கேட்க வேண்டும். பேணுவோரையும் தனியே கேட்க வேண்டும்.

மருத்துவர் கேட்க, துணைவியார் தமிழில் சொல்ல, அன்னையார் விடையளித்தார். முழு வாழ்வு எப்படி என்றதற்கு, 'எனக்கென்ன கொறச்சல், நல்லாத்தான் இருக்கேன்' என்றார். துணைவியாரின் விடைகளோ பெரும்பாலும் தாழ்ந்தே இருந்தன. நோயாளர் தம் வாழ்வுக்கு இடும் மதிப்பைவிடப் பேணுவோர் இடும் மதிப்பு குறைந்திருப்பது உலகெங்கும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்படுவதே என்றார் மருத்துவர். பேணுவோரின் களைப்பும் சோர்வும் அம்மதிப்பீட்டில் கலந்துவிடுகின்றன.

அன்றிரவு நாங்கள் அப்பட்டியலை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். பதின்மூன்றில் நினைவு ஒன்று மட்டுமே. அந்த ஒன்றை மீட்டுத் தர இன்றைய மருத்துவத்தால் இயலாது. சில மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் துணைநிற்கும், அவ்வளவே. ஆனால் எஞ்சிய பன்னிரண்டில் பலவற்றில் சுற்றியிருப்போர் செய்யக்கூடியது மிகுதி. மகிழ்ச்சிக்காக ஏதேனும் செய்வது என்பதை எடுத்துக்கொள்வோம். கையின் பழக்கம் நெடுநாள் நிற்பது. உதிரி மல்லிகையும் வாழைநாரும் கொடுத்தால் எம் அன்னையார் ஒரு மணி நேரம் பிசகின்றித் தொடுப்பார். மார்கழி, தையில் மைசூருவெங்கும் அவரைக்காய் குவியும்போது, ஊறவைத்த கொட்டைகளைத் தட்டில் இட்டால் தோல் நீக்கிப் பிதுக்கித் தருவார். 'இன்னைக்குக் குழம்புக்குப் போதுமா மதினி?' என்று கேட்கும்போது அவர் முகத்தில் காணும் நிறைவு, வீட்டுக்குப் பயன்படும் ஒருவரின் நிறைவாகும்.

இனிப் பேணுவோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் இருக்க, அவர்களைப் பற்றிய ஆய்வோ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதைச் சுட்டவே 10/66 என்ற பெயருடன் ஓர் ஆய்வுக்குழு 1998இல் தோன்றிற்று. அக்குழுவினர் கேரளத்தில் பேணுவோரிடம் நேரில் பேசி 2003இல் எழுதியபோது, அப்பணி பெரும்பாலும் பெண்கள்மீது, அதிலும் மருமகள்மீது விழுவதையும், அவர்களே மனம் நொந்திருப்பதையும் எடுத்துக்காட்டினர். கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வு இன்னும் பயனுள்ளது. பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீடுதேடிச் சென்று, நோயை விளக்கி, பேணுவோரின் பேச்சைக் கேட்டு, வழி சொன்னார்கள். ஆறு திங்களில் பேணுவோரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. வீடு தேடி வந்த ஒரு மனிதர் தந்த பயன் அது.

சட்டம் என்ன தருகிறது என்று கேட்டால், எழுத்தர் என்ற முறையில் எங்களுக்கு விடை தெரியும். குழந்தையைப் பேண மைய அரசின் பெண் ஊழியருக்கும், துணையின்றி வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பணிக்காலத்தில் 730 நாள் தனி விடுப்பு உண்டு. பெற்றோரைப் பேண அப்படித் தனி விடுப்பு இல்லை. ஆண்டுக்குரிய 30 நாள் ஈட்டிய விடுப்பு முதலியவற்றை அதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2025 சூலையில் மாநிலங்களவையில் அரசு விடையளித்தது. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் எம் துணைவியாருக்கு அதுவும் இல்லை. அவர் பணியை விட்டுவிடுவதா என்ற கேள்வி எம் வீட்டில் ஓராண்டு நடமாடிற்று. பகலில் உடனிருக்க ஒரு பெண்மணியை அமர்த்தியும் அது தீரவில்லை. ஏனெனில் அவருக்குத் தமிழ் தெரியாது. அன்னையார் பேசப் பேச அவர் தலையசைப்பார். அன்னையார் சினந்து உணவை மறுப்பார்.

அக்கேள்வியைத் தீர்த்து வைத்தவர் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். செய்தி அறிந்து, வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்கு வந்து ஆறு மணிவரை இருப்பதாகச் சொன்னார். சொன்னபடி வருகிறார். இருவரும் ஆறு, வயல், தேர்த்திருநாள், தாழம்பூப் பின்னல் என்று பேசுகின்றனர். ஒரே செய்தியை அன்னையார் ஏழுமுறை சொன்னாலும் ஏழுமுறையும் அவர் புதிதாகக் கேட்கிறார். உடனிருக்கும் பெண்மணிக்கும், 'சாப்பிடுதியளா', 'தண்ணி வேணுமா', 'நல்லா இருக்கு' என்று இருபது சொற்றொடர்களைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்துக் கற்பித்தார். உணவை மறுப்பது பெரிதும் குறைந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் துணைவியார் என்ன செய்கிறார்? பெரும்பாலும் உறங்குகிறார். சில வாரங்களில் தம் தோழியைக் காணச் செல்கிறார். அவர் பணியில் நீடிக்கிறார். அடுத்த ஆண்டு அதே பதின்மூன்று வினாக்கள் கேட்கப்பட்டபோது, அன்னையாரின் நினைவு இன்னும் தாழ்ந்திருந்தது. துணைவியார் இட்ட மதிப்போ உயர்ந்திருந்தது.

இதனை ஒரு வீட்டின் நற்பேறாக விட்டுவிடாமல், சங்கத்தின் பணியாகக் கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். மருத்துவம் நிறுவனங்கள் செய்யும். நோயாளர் குடும்பங்களுக்கென 1992இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் சங்கம் உண்டு. பெங்களூருவில் நிம்ஹான்ஸ் உண்டு. அதனுடன் இணைந்து கர்நாடக அரசு 2022இல் தொடங்கிய மூளைநலத் திட்டமும் உண்டு. மூத்தோர்க்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் உண்டு. இவை எவையும் தர இயலாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அவர்கள் பிறந்த ஊரின் பேச்சு நம் நாவில் இருக்கிறது. கன்னட நாட்டில் வாழும் ஒரு தமிழ் முதியவருக்கு அதனை வேறு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்?

செலவும் கட்டடமும் இதற்கு வேண்டா. நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். முன்பெல்லாம் பொங்கல் விழாவுக்குத் தவறாமல் வந்து, இரண்டு மூன்று ஆண்டுகளாக வாராமல் நின்றுவிட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஏன் வரவில்லை என்று நாம் கேட்டிருக்க மாட்டோம். அவர்கள் வீட்டாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பெயர்களைத் தனித்தாளில் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் பிறந்த ஊரும், அங்குச் செல்லக்கூடிய நம்மவர் ஒருவரின் பெயரும், ஒரு கிழமையும், இரண்டு மணி நேரமும் குறிக்கப்படட்டும்.